குழந்தை வண்டியும் போகிற மலைப்பாதை

1

நேற்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், என் மனைவி கவிதா மூன்று ஜோடி மலை பூட்ஸையும் கழுவி பால்கனியில் வரிசையாகக் காயவைத்திருக்கிறாள். பார்த்ததுமே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து, எங்கள் மகளுக்காகப் பேச அவளே வந்தாள்.

"யாழினி கேட்டுகினே கீறா. போன வருஷம் போனமே அந்தப் பூ மலை, அங்க இந்த வருஷமும் போலாமான்னு."

"அவளுக்கு இன்னும் அங்க போகணும்னு தோணுதா?"

"முழுசாப் போவலியாம். பாதிலயே எறங்கிட்டமாம்."

நிஜம்தான். பாதியிலேயே இறங்கிவிட்டோம். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டீவியைப் போட்டேன். என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலை என்றதும் கயிறு, கொக்கி, பனி என்று கற்பனை செய்ய வேண்டாம். நாங்கள் இருப்பது ஆஸ்திரியாவின் மேற்குப் பக்கம், நாலு புறமும் மலை நிற்கும் ஒரு சின்ன ஊர். பழனியில் விஞ்சில் போகிற மாதிரி இங்கே கேபிள் காரில் உட்கார்ந்தால் பாதி மலையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து புல்வெளி. கோடையில் அந்தப் புல்வெளி முழுக்கப் பூ. நடுவே சமமாக ஒரு பாதை. தொடங்கும் இடத்தில் மஞ்சள் பலகை வைத்து எழுதியிருக்கிறார்கள்: சுலபமான நடை, குடும்பங்களுக்கு ஏற்றது, குழந்தை வண்டியும் போகும். கீழே ஒரு குழந்தை வண்டி படம் வேறு. அந்த வண்டி போகிற பாதையில்தான் நான் நடக்க முடியாமல் உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் அப்பாவுக்கு முதல் வருஷ திதி வருகிறது. யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும்போல் இருக்கிறது. கவிதாவிடம் சொன்னால் அழுகிறாள். யாழினியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2

வெளிநாட்டில் இருக்கிறவன் நினைத்தால் விமானம் ஏறிவிடுவான் என்று ஊரில் ஒரு நினைப்பு. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் இருந்தவரை நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே வந்த பிறகுதான் கார்டு என்ற ஒன்று தெரிந்தது. இந்த நாட்டில் தங்க அனுமதி தரும் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக். அது கையில் இருந்தால் மனிதன். காலாவதியாகி, புதுசுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் அரை மனிதன். வேலைக்குப் போகலாம், வரி கட்டலாம், குப்பையைப் பிரித்துப் போடலாம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப வர முடியாது.

போன வருஷம் கோடையில் நான் அந்த அரை மனிதனாக இருந்தேன். நான் இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என் கார்டில்தான் கவிதாவின் கார்டும் யாழினியின் கார்டும் தொங்குகின்றன. நான் போய் மாட்டிக்கொண்டால் இங்கே அவர்கள் இரண்டு பேருக்கும் காலுக்குக் கீழே தரை இல்லை. யாழினிக்கு அப்போதுதான் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா படுத்துவிட்டார். அம்பத்தூர் இண்டஸ்டிரியல் எஸ்டேட்டில் காலமெல்லாம் கிரைண்டிங் மெஷினில் நின்ற மனுஷன். நுரையீரலில் அந்தத் தூசி தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று தம்பி தினா போன் பண்ணினான். தினாவுக்கு அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பைக் மெக்கானிக் கடை. அப்பாவும் அம்மாவும் அவனோடுதான் இருந்தார்கள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு கார்டு கொடுக்கும் அலுவலகத்துக்கு ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். பதற்றத்தில் எனக்குத் தெரிந்த ஜெர்மனும் கைவிட்டுவிட்டது. அப்பாவுக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று சொல்ல நினைத்து, "என் அப்பா மிகவும் கனமானவர்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் திரும்பவும் அதையே சொன்னேன், இன்னும் சத்தமாக. அந்த நாளில் அப்பாவைத் தினா ஒற்றைக் கையில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தான்.

ஒருவழியாகப் புரிந்துகொண்டாள். நல்ல பெண்தான், முகம் இளகியது. "நீங்கள் தாராளமாகப் போகலாம். திரும்பி வருவதற்குத்தான் கார்டு வேண்டும்" என்றாள். அவசரத்துக்கு ஏதும் வழி உண்டா என்று கேட்டேன். உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் காத்திருக்க வேண்டும் என்றாள். அதையும் எழுதிப் போட்டேன். பதில், "பரிசீலனையில் உள்ளது."

அந்த மாதம் முழுக்க நான் செய்ததெல்லாம் இரண்டு காரியம். காலையில் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பது, மூடுவது. கார்டு வரும்வரை அப்பாவின் மூச்சு தாங்க வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதலே இல்லாமல் போனது.

3

அப்பா பெயர் முனுசாமி. என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். செல்லம் மிஞ்சினால் நானும் அவரை அப்படியே கூப்பிடுவேன். வீடியோவில் வந்தால் முதல் கேள்வி சாப்பிட்டியா, இரண்டாவது கேள்வி மலை.

"அந்த ஜன்னலாண்ட போ நைனா. மலையக் காட்டு."

காட்டுவேன். கொஞ்ச நேரம் பார்ப்பார்.

"அதுக்கு மேல இன்னா கீது?"

"பனிப்பா. கோடைல பூவாம்."

"நீ போய்ப் பாத்தியா?"

"எங்கப்பா நேரம்?"

"நல்லாக்கீதுடா கத. ஜன்னல்ல கீது, போய்ப் பாக்கலன்ற."

பேசுகிறாரே தவிர, அவர் மட்டும் என்ன, கள்ளிக்குப்பத்திலிருந்து மெரினாவுக்கு எத்தனை தரம் போயிருப்பார்? யாராவது வெளியூர்க்காரர் வந்தால்தான் எங்களுக்குக் கடல் ஞாபகம் வரும். இதைச் சொன்னால் இருமலோடு சிரிப்பார். சிரித்து முடித்ததும் அம்மா போனை வாங்கிவிடுவாள். அம்மாவுக்கு மலையும் வேண்டாம், பனியும் வேண்டாம். அவளிடம் எப்போதும் ஒரே கேள்வி.

"எப்பப்பா வர?"

தீபாவளிக்கு, பொங்கலுக்கு, யாழினிக்கு லீவு விட்டதும் என்று எதையாவது சொல்வேன். "சரி" என்பாள். அடுத்த வாரம் போன் போட்டால் மறுபடி, "எப்பப்பா வர?" சில நாள் எனக்குக் கோபம்கூட வரும். அம்மா நான் சொன்னதைக் காதில் வாங்குவதே இல்லையா என்று கவிதாவிடம் எரிந்து விழுவேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அப்பா வீடியோவில் வரவில்லை. ஐ.சி.யு.வில் போன் விடமாட்டார்கள் என்று தினா சொன்னான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, "வார்டுக்கு மாத்திட்டாங்கணா. கஞ்சி குட்ச்சாரு" என்றான். எனக்கு உயிர் வந்தது. மறுநாள் சனிக்கிழமை. மலைக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். மேலே போய் நின்று, பூவெல்லாம் காட்டி, இதோ பார்த்துக்கொள் நைனா என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். மருந்து செய்யாததை அது செய்யும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

4

காலையில் கிளம்புமுன் தினாவுக்குப் போன் போட்டேன். மூன்று தரம் அடித்து, நாலாவது தரம் எடுத்தான்.

"அப்பா எழுந்துட்டாராடா?"

"தூங்கறாருணா."

"நாங்க மலைக்குப் போறோம். மேல போய் வீடியோ போடறேன். அவர் கைல குடு."

"சரிணா. போய்ட்டு வா. பாத்துப் போ" என்றான். குரல் கட்டியிருந்தது. ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் விழித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

கேபிள் காரிலிருந்து இறங்கியதும் கவிதா வாயைப் பிளந்து நின்றுவிட்டாள். மஞ்சள், ஊதா, வெள்ளை, ரோஸ். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பூ. அவளும் எங்கள் பக்கம்தான், கரையான்சாவடிக்காரி. பூவைப் பார்த்தால் முழம் போட்டுப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. குனிந்து ஒன்றை முகர்ந்தாள்.

"இவ்ளோ பூவுல ஒண்ணுத்துலயாச்சும் வாசன கீதா பாரு. தலைல வெச்சாக்கூட யாருக்கும் தெரியாது."

"அம்மா, பறிக்கக் கூடாது. போர்டு இருக்கு" என்றாள் யாழினி. அவள் தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அளந்து வைப்பாள். படிக்கத் தெரியாது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு இருந்தது, அதே நேரத்தில் நீச்சல் வகுப்பும் இருந்தது. நீச்சல் ஜெயித்தது. தமிழில் அவள் படிக்கிற ஒரே சொல் அவள் பெயர். அதையும் படமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

இந்த ஊர் மலையில் ஒரு பழக்கம் உண்டு. கீழே ஊருக்குள் பக்கத்து வீட்டுக்காரன்கூட முகம் பார்க்கமாட்டான். மலையில் எதிரே வருகிற எவனும் சிரித்து வணக்கம் சொல்லாமல் போகமாட்டான். பதிலுக்கு நாமும் சொல்ல வேண்டும். அம்பத்தூரில் முன்பின் தெரியாதவன் இப்படிச் சிரித்தால் நாம் முதலில் பையைத் தொட்டுப் பார்ப்போம். அன்றைக்கு நான் எல்லோருக்கும் வாய் நிறைய வணக்கம் சொன்னேன். அப்பாவுக்கு உடம்பு தேறிவிட்டது அல்லவா?

ஒரு வளைவில் பாதை மேலேயே பூ கொட்டிக் கிடந்தது. பக்கத்துச் சரிவில் ஒரு விவசாயி மெஷினால் புல் அறுத்துக்கொண்டிருந்தார். மாட்டுக்குத் தீவனமாம். பூவும் புல்லுமாக அறுபட்டுப் பாதையில் விழுந்திருந்தது. நானும் கவிதாவும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் பக்கத்தில் ரோட்டில் பூ இறைந்து கிடந்தால் அதற்கு ஒரே காரணம்தான். சாவு போயிருக்கிறது. பாடையோடு போகிறவர்கள் வழிநெடுக மாலையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போவார்கள். சாமந்தியும் ரோஜாவும் மத்தியானம் வரைக்கும் தாரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மிதிக்கக் கூடாது என்று நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள்கூடத் தாண்டித் தாண்டித்தான் போவார்கள்.

"சே, இது மாட்டுக்கு அறுத்தது" என்று கவிதா சிரித்தாள். சிரித்தாளே தவிர ஓரமாகத்தான் நடந்தாள். நானும் ஓரமாகத்தான் நடந்தேன். யாழினி நட்டநடுவில் மிதித்துக்கொண்டு ஓடினாள். ஏன் இப்படி நடக்கிறீர்கள் என்று திரும்பிப் பார்த்துக் கேட்டாள். சும்மாதான் என்றேன்.

5

அதைத் தாண்டி ஒரு மர பெஞ்சு. எதிரே பள்ளத்தாக்கு முழுதும் தெரிந்தது. அப்பாவுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கவிதா லெமன் சாதத்தைப் பிரித்தாள். நான் தினாவுக்கு வீடியோ போட்டேன். எடுக்கவில்லை. இரண்டாவது தரமும் எடுக்கவில்லை.

யாழினி தன் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இன்னைக்கு தாத்தாவுக்கு பர்த்டேவா? ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"இல்லியே. யார் சொன்னா?"

"வர்ஷா ஸ்டேட்டஸ் போட்டிருக்கா. பெரிய பேனர். போன வருஷம் அவ பர்த்டேக்கு அடிச்சாங்கல்ல, அதே மாதிரி. தாத்தா கூலிங் கிளாஸ் போட்டிருக்கார். இன்னைக்கு டேட்கூட இருக்கு."

வர்ஷா தினாவின் மகள். யாழினி போனை என் முன்னால் நீட்டினாள். அதன்மேல் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"பாருங்க, என் பேரும் போட்டிருக்காங்க. இது நான்தானே? யாழினி."

தெருமுனையில் கட்டிய பிளெக்ஸ் பேனர். சுற்றிலும் பூ வேலை, இரண்டு மூலையிலும் புறா. நடுவில் அப்பா, வர்ஷாவின் காதுகுத்துக்கு எடுத்த போட்டோவில் கூலிங் கிளாஸோடு சிரிக்கிறார். மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. இடது பக்கம் தோற்றம், அவர் பிறந்த தேதி. வலது பக்கம் மறைவு, அன்றைய தேதி. கீழே வரிசையாகப் பெயர்கள். முதல் பெயர் என்னுடையது.

எனக்குப் படிக்கத் தெரிகிறதே என்று இருந்தது அந்த நிமிஷத்தில். அவளைப்போல் எனக்கும் எழுத்து தெரியாமல் போயிருக்கக் கூடாதா?

"நான் ஃபேமிலி குரூப்ல விஷ் பண்ணிட்டேன்" என்றாள் யாழினி. "கேக்கும் ஹார்ட்டும் போட்டு. ஆனா யாருமே ரிப்ளை பண்ணல."

கவிதா எட்டிப் பார்த்தாள். அவள் கையிலிருந்த டிபன் மூடி கீழே விழுந்து சரிவில் உருண்டு போனது. யாரும் எடுக்கப் போகவில்லை.

6

தினாவே கூப்பிட்டான். குழந்தையின் வாழ்த்தைக் குரூப்பில் பார்த்திருக்கிறான். பின்னால் பறைச் சத்தம் கேட்டது.

"அண்ணா" என்றான்.

"எப்படா?"

"விடிகாலைலணா."

"காலைல நான் போன் போட்டேனேடா. தூங்கறாருன்னியே."

"அம்மாதான் சொல்ல வேணான்னுச்சு. நீ கெளம்பி வந்துடுவ, அப்பால திரும்பிப் போவ முடியாது, அந்தப் புள்ள படிப்பு கெட்டுப்பூடும்னு. சாயங்காலம் நீ ஊட்டுக்குப் போனப்புறம் பொறுமையா சொல்லிக்கலாம்னு கீறேன். இந்தப் பொண்ணு ஸ்டேட்டஸ் வெச்சிருச்சு."

"வார்டுக்கு மாத்திட்டாங்கன்னது?"

அவன் அழுதான். அதுவும் பொய் என்று புரிந்துகொண்டேன். கஞ்சியும் பொய்.

எழுந்து நின்று கத்தினேன். எதிரே வந்த ஒரு குடும்பம் பயந்து ஒதுங்கியது. "பெட்டி எட்த்து வைடா. நான் வரேன். கார்டும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். இப்படியே எறங்கி ஏர்போர்ட் போறேன். நான் வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் கண்ணாடி வைத்த குளிர்பெட்டியை வாடகைக்கு எடுத்து வைத்துக் காத்திருப்பார்கள். தெருவே காத்திருக்கும். அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் என்று கொள்ளிக்கு முறை இருக்கிறது. மூத்தவன் நான் இருக்கிறேன்.

"பெட்டி எடுக்கலணா" என்றான் தினா. "அம்மா எடுக்க வேணான்னுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல தூக்கறாங்க. உனக்குத் தெரிஞ்சிப்போச்சின்னதும், பெரிய பையன் ஒரு வார்த்த சொல்லட்டும்னு பெரியவங்க நிக்கறாங்க. நீ வரேன்னு சொன்னா நிறுத்திடறேன். இப்பவே போய்ப் பெட்டி புட்ச்சாறேன். நீ சொல்றதுதான்."

கவிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பின்னாலிருந்து அவள் மேல் சாய்ந்துகொண்டு யாழினி நின்றாள். என்ன நடந்தது என்று அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. தன் போனில் எதையோ வேகவேகமாக அழுத்திக்கொண்டிருந்தாள். கேக்கையும் ஹார்ட்டையும் அழித்துக்கொண்டிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"அண்ணா, லைன்ல கீறியா?"

"கீறேன்."

"இன்னா சொல்றது?"

என் அப்பாவை எடுக்கலாமா வேண்டாமா என்று, பூவுக்கு நடுவில் நிற்கிற என்னைக் கேட்கிறார்கள். போனால் இந்த இரண்டு பேரும் தெருவில். போகாவிட்டால் இனி அந்த முகம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரையோ கொன்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கடவுளே, இந்த மலை இப்படியே சரிந்து என்மேல் விழக் கூடாதா என்று நினைத்தேன். மலை சும்மா நின்றது. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, எடுங்க" என்றேன்.

7

வர்ஷாவின் போனில் வீடியோ போட்டுக் காட்டினார்கள். படம் ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. கள்ளிக்குப்பம் தெரு தெரிந்தது. பழைய ரேஷன் கடை மூலை தெரிந்தது. தினா வெறும் மார்போடு சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அப்பாவின் முகம் ஒரே ஒரு தரம் வந்தது. நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு. நைனா, மலை பார் என்று போனைத் திருப்பி நீட்டினேன். யாரிடம் நீட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ரோட்டில் பூவை இறைத்துக்கொண்டே போனார்கள். அவர்களோடு நடக்க வேண்டும் என்று எனக்கு வெறி மாதிரி வந்தது. நான் நடந்தேன். வந்த வழியே, அந்த அறுத்த பூ கிடந்த வளைவுக்கு வந்தேன். குனிந்து இரண்டு கையாலும் அள்ளிப் பாதையில் போட்டேன். அள்ளி அள்ளிப் போட்டேன். சத்தமாக அழுதுகொண்டு போட்டேன். விவசாயி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எதிரே வந்த கிழவரும் கிழவியும் கைத்தடிகளை ஊன்றி நின்று, வழக்கப்படி சிரித்து வணக்கம் சொன்னார்கள்.

சாவுக்கு எங்கள் பக்கத்தில் வணக்கம் கிடையாது. துக்க வீட்டுக்கு வருகிறவரை வாங்க என்று யாரும் கூப்பிடமாட்டார்கள். வந்தவரும் போய்ட்டு வரேன் என்று சொல்லமாட்டார். வந்தது தெரியாமல் வந்து போனது தெரியாமல் போக வேண்டும். இங்கே நான் என் அப்பாவை வழியனுப்புகிறேன், ஒவ்வொரு வளைவிலும் ஒருவன் நல்ல நாளாகட்டும் என்கிறான். அவர்கள் மேல் குற்றமில்லை. அது அவர்கள் மலை.

படம் கறுத்துப்போய்விட்டது. சார்ஜ் இருந்தது, சிக்னல் போய்விட்டது. சுடுகாட்டுக் கேட்டுக்கு முன்னாலேயே போய்விட்டது. கொள்ளி வைத்ததை நான் பார்க்கவில்லை.

நடக்க முடியாத என்னைக் கவிதா பெஞ்சுக்கே திரும்பக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். அங்கிருந்து இறங்கும்போது யாழினி எனக்கு முன்னால் போய் நடக்க ஆரம்பித்தாள். எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் அவளே முந்திக்கொண்டு வணக்கம் சொன்னாள். அழுத முகத்தோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒருவரையும் விடாமல் சொன்னாள். நான் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பாதையில் பூ கிடந்த இடம் வந்ததும் நின்றாள். எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓரமாகப் புல்லில் இறங்கி, ஒரு பூவும் காலில் படாமல் தாண்டிப் போனாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கீழே வந்ததும் குரூப்பைத் திறந்து பார்த்தேன். அவள் வாழ்த்து இருந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

8

கார்டு வந்தது. காரியமெல்லாம் முடிந்து, தினாவுக்கு மொட்டைத் தலையில் முடி குத்திக்கொண்டு முளைக்க ஆரம்பித்த பிறகு வந்தது. போட்டோவில் நான் நன்றாக இருக்கிறேன். அவசரத்துக்கு எழுதிப் போட்டதற்கும் அடுத்த வாரமே பதில் வந்தது, கார்டு வந்துவிட்டபடியால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது என்று.

நான் மட்டும் போனேன். கள்ளிக்குப்பம் தெருமுனையில் பேனர் இன்னும் இருந்தது. வெயிலில் வெளுத்து ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. என் பெயர் இருந்த பக்கம் நன்றாகவே இருந்தது.

வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். அம்மா உள்ளே தரையில், அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். வாய் திறந்தாள். பக்கத்தில் அப்பாவின் அக்கா சரோஜா அத்தை இருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சும்மா இரு. மொத தபா துக்கத்துக்கு வரான். வான்னு கூப்டக் கூடாது."

நான் அந்த வீட்டு மூத்த பிள்ளை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன். ஆனால் அத்தை சொன்னது சரிதான். சாவன்றைக்கு வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. வெளியாளுக்குத்தான் சட்டம். அம்மா வாயை மூடிக்கொண்டாள். நான் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவைப் பற்றிச் சொன்னாள், ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னாள். கடைசி வாரம் நினைவு திரும்பும்போதெல்லாம், அவன வரச் சொல்லாதீங்க என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தாராம். "அவரு சொன்னதத்தான் செஞ்சேன். தப்பாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

ஒரு வாரம் இருந்தேன். கிளம்புகிற அன்று பெட்டியைத் தினா ஆட்டோவில் வைத்தான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் வாசலில் நின்று திரும்பினேன். அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"சொல்லிக்காம போ நைனா. துக்கத்துக்கு வந்தவன் சொல்லிக்கினு போவக் கூடாது."

அம்மா போட்டோவுக்குப் பக்கத்திலேயே, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சொல்லாமல் ஆட்டோவில் ஏறினேன்.

பூட்ஸ் இன்னும் பால்கனியில்தான் இருக்கிறது. யாழினியிடம் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்று சனிக்கிழமை, அம்மாவிடம் பேசினேன். வெயிலைப் பற்றிப் பேசினாள், வர்ஷாவின் பரீட்சையைப் பற்றிப் பேசினாள், திதிக்கு ஐயரிடம் சொல்லியாயிற்று என்றாள். இப்போது என்னிடம் கார்டு இருக்கிறது, நினைத்தால் வரலாம். இந்த ஒரு வருஷமாக நான் ஒவ்வொரு வாரமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். எப்பப்பா வர என்று அம்மா கேட்பதே இல்லை.